கார்ட்டூனுக்கு நடுவே வந்த கடைக்காரர்கள்

1955 வரை அமெரிக்கப் பொம்மைக் கம்பெனிகளுக்கு விளம்பரம் என்றால் கிறிஸ்துமஸ் காலத்துச் செலவு. அந்த வழக்கத்தை உடைத்தது மேட்டல் கம்பெனி. அந்த ஆண்டு டிஸ்னி தொடங்கிய ‘மிக்கி மவுஸ் கிளப்’ நிகழ்ச்சியில் ஆண்டு முழுவதும் விளம்பரம் செய்ய ஏறக்குறைய 5 லட்சம் டாலரை எடுத்து வைத்தது. ‘பர்ப் கன்’ என்ற அதன் பொம்மைத் துப்பாக்கி கிறிஸ்துமஸுக்குள் விற்றுத் தீர்ந்தது. காசு கொடுப்பது பெற்றோர்தான். ஆனால் அடம்பிடிக்க வைக்க வேண்டியது பிள்ளையை என்பது வியாபாரிகளுக்குப் பிடிபட்டுவிட்டது.

அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் சனிக்கிழமைக் காலை கார்ட்டூன் நேரம் பொம்மைகளுக்கும் சர்க்கரை பூசிய காலை உணவான சீரியலுக்கும் சந்தையானது. ஒரு மணி நேரத்தில் 16 நிமிடம் வரை விளம்பரம் போட முடிந்தது. ‘ரோம்பர் ரூம்’ என்ற நிகழ்ச்சி பாலர் பள்ளி வகுப்பைப் போலவே நடக்கும். அதில் டீச்சராக வருபவரே, பிள்ளைகள் விளையாடிய பொம்மையைக் கையில் எடுத்து அதற்கு விளம்பரமும் சொல்வார். நாலு வயதுக் குழந்தைக்கு அதுவும் டீச்சர் சொல்லித்தந்த பாடம்தானே?

இதைப் பொறுக்காத பெக்கி சாரன் என்ற தாய், 1968இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து நியூட்டனில், தம் வீட்டுக் கூடத்தில் சில தாய்மாரைச் சேர்த்துக்கொண்டு ‘ஆக்‌ஷன் ஃபார் சில்ட்ரன்ஸ் டெலிவிஷன்’ அமைப்பைத் தொடங்கினார். அமைப்பின் நெருக்குதலால், பிள்ளைகளைக் குறிவைத்த வைட்டமின் மாத்திரை விளம்பரங்கள் 1972இல் நின்றன. நிகழ்ச்சி நடத்துபவரே பொருளை விற்கும் வழக்கத்துக்கு 1974இல் ஒளிபரப்பைக் கண்காணிக்கும் கூட்டாட்சி ஆணையம் முட்டுக்கட்டை போட்டது.

1978இல் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் இன்னும் துணிந்து இறங்கியது. எதிரே இருப்பவர் தன்னிடம் எதையோ விற்கப் பார்க்கிறார் என்பதே விளங்காத வயதுக் குழந்தைகளை நோக்கி, டிவியில் எந்த விளம்பரமும் கூடாது என்று முன்மொழிந்தது. சீரியல், பொம்மை, ஒளிபரப்புக் கம்பெனிகள் கொதித்தெழுந்தன. ஆணையம் நாட்டுக்கே ஆயா வேலை பார்க்கப் போகிறது என்று ‘வாஷிங்டன் போஸ்ட்’ தலையங்கம் சாடியது. 1980இல் நாடாளுமன்றம் ஆணையத்தின் அதிகாரத்தை வெட்டியது. 1981இல் வந்த இறுதி அறிக்கை, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு விளம்பரத்தின் நோக்கம் புரியாது என்பதை ஒப்புக்கொண்டது. ஆனால் நடைமுறைக்கு ஒத்துவரும் தீர்வு இல்லை என்று கைவிரித்தது. கோப்பு மூடப்பட்டது. குறையைக் கண்டுபிடிக்காமல் விட்டிருந்தாலாவது மன்னிக்கலாம். கண்டுபிடித்த பிறகு விட்டதுதான் கொடுமை.

அதே நேரத்தில், எல்லைக்கு அப்பால் கனடாவின் கியூபெக் மாகாணம் தயங்கவில்லை. 13 வயதுக்குட்பட்டோரை நோக்கிய வணிக விளம்பரத்தைத் தடுக்கும் சட்டத்தை 1978இல் நிறைவேற்றி, 1980இல் அமலுக்குக் கொண்டுவந்தது. பொருள் யாருக்கானது, விளம்பரம் எப்படிப் பேசுகிறது, எந்த நேரத்தில் எங்கே வருகிறது என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தே விளம்பரம் பிள்ளைகளுக்கானதா என்று முடிவு செய்வார்கள்.

இர்வின் டாய் என்ற பொம்மைக் கம்பெனி, இந்தச் சட்டம் பேச்சுரிமைக்கு எதிரானது என்று வழக்குத் தொடுத்தது. மாகாண மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வெற்றியும் பெற்றது. ஆனால் 1989இல் கனடா உச்ச நீதிமன்றம் 3க்கு 2 என்ற கணக்கில் சட்டத்தைக் காப்பாற்றியது. விளம்பரமும் பேச்சுரிமையில் அடங்கும் என்று ஒத்துக்கொண்ட பெரும்பான்மை நீதிபதிகள், எளிதில் ஏமாறக்கூடிய குழந்தைகளைக் காக்க அந்த உரிமையைக் கட்டுப்படுத்தலாம் என்றார்கள்.

அந்தச் சட்டம் இன்றும் இருக்கிறது. ஆனால் கடைக் கண்ணாடிக்கும் பொருளின் அட்டைப் பெட்டிக்கும் அதில் விலக்கு உண்டு. டிவியில் வரக்கூடாத கார்ட்டூன் உருவம் சீரியல் பெட்டியின் மேல் தாராளமாக வரலாம். அந்த ஓட்டையை அடைப்பது கியூபெக்கில் இன்னும் பாக்கி.