மறுநாள் சொல்ல வேண்டிய பூ

போன மாசம் சிதம்பரத்துல அக்கா வீட்டுல இருந்தேன். ‘நாளைக்கு கலர் பேப்பர் கொடுத்து விடவும்’னு ஸ்கூல்ல இருந்து மெசேஜ் வந்துச்சு, அக்காவோட வாட்ஸ்அப்புக்கு. யூகேஜி படிக்கிற பாப்பாவுக்கு விஷயமே தெரியாது.

ஒரு காலத்துல அந்த மெசேஜைச் சுமந்தது குழந்தைதான். இதைப் பத்தி எழுதி வெச்சவர் உ.வே.சாமிநாதையர். பிறந்தது 1855. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929ல உருவாகுறதுக்கு முன்னாடியே, 1924ல, சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரிக்கு முதல்வரா வந்தார். ஆனா சின்ன வயசுல படிச்சது திண்ணைப் பள்ளிக்கூடத்துல. அங்க பிள்ளைகள் வீட்டுக்குக் கிளம்பும்போது உபாத்தியாயர் ஒரு பூ, ஒரு பறவை, ஒரு ஊர்னு பேர் சொல்லி அனுப்புவாராம். மறுநாள் காலையில வந்து மறக்காம ஒப்பிக்கணும்.

மனப்பாடம்தானேன்னு தோணும். இல்லை, இதுல ரெண்டு வேலை இருக்கு. பேரை மறந்தா ஒரு தப்பு. சொல்லணும்ங்கிறதையே மறந்துட்டா அது வேற தப்பு, நம்ம பாஷையில குரோன் ஜாப் ஓடவே இல்லைன்னு அர்த்தம். உளவியல்ல இந்த ரெண்டாவதை எதிர்கால நினைவுன்னு தனியா ஆராயுறாங்க. மணி பார்த்துச் செய்யுற வேலையை விட, ஏதாவது கண்ணுல பட்டதும் செய்யுற வேலை பொதுவா சுலபம். திண்ணையில உபாத்தியாயர் முகமே அலாரம்!

அதுக்காக அந்தப் பள்ளிக்கூடத்தைக் கொண்டாட நான் வரல. பிரம்பு இருந்துச்சு, கயித்துல தொங்கவிடுற கோதண்டம் இருந்துச்சு. பொண்ணுங்களுக்கும் பல சாதிப் பிள்ளைகளுக்கும் அந்தத் திண்ணையில பெரும்பாலும் இடம் இல்லை. அடிக்குப் பயந்து ஞாபகம் வெச்சவங்க எத்தனை பேரோ.

பயம் தேவையே இல்லைன்னு காட்டுது 1983ல அமெரிக்காவுல சாமர்வில், வெல்மன், கல்டிஸ் செஞ்ச ஆய்வு. கடைக்குப் போனதும் மிட்டாய் வாங்க ஞாபகப்படுத்துன்னு அம்மா சொல்ற மாதிரி, குழந்தைக்கே ஆசையுள்ள வேலைகள். கொஞ்ச நேரத்துல செய்ய வேண்டியதா இருந்தா, ரெண்டு வயசுக் குழந்தைகளே 80 சதவீதம் தடவை சரியா ஞாபகப்படுத்தினாங்க. துணி எடுக்கணும் மாதிரி சுவாரசியம் இல்லாத வேலைன்னா ரொம்பக் குறைவு.

ஊருக்குக் கிளம்பும்போது பாப்பாகிட்ட, “நாளைக்கு மாமா போன் பண்ணினதும் ‘நாகலிங்கப் பூ’ன்னு சொல்லணும், சொன்னா அடுத்த தடவை ஐஸ்கிரீம்”னேன். மறுநாள் போனை எடுத்ததும் அவ கேட்டது ஐஸ்கிரீம்தான். பூ அப்புறமா வந்துச்சு.