டம்டம் தோட்டாவும் 'காட்டுமிராண்டி' உடம்பும்

போர்ச் சட்டம் என்றால் ஜெனீவா, ஹேக் என்று ஐரோப்பிய ஊர்கள்தாம் நினைவுக்கு வரும். அந்தச் சட்டத்தின் வரலாற்றில் நம்மூர்ப் பெயரும் ஒன்றுண்டு: கல்கத்தாவை ஒட்டிய டம்டம். அங்கிருந்த ஆயுதத் தொழிற்சாலையில் 1890களில் காப்டன் பெர்ட்டி-கிளே என்ற வெள்ளை அதிகாரி புதுரகத் தோட்டா ஒன்றைச் செய்தார். மேலுறையை நுனியில் மட்டும் திறந்துவிட்டு உள்ளே இருக்கும் ஈயத்தை வெளியே தெரியவிடுவது, அவ்வளவுதான் விஷயம். உடம்புக்குள் போனதும் ஈயம் காளான் மாதிரி விரியும். சதையும் எலும்பும் சிதறிப்போகும்.

1895 சித்ரால் படையெடுப்பில் லீ-மெட்ஃபோர்டு துப்பாக்கியால் சுட்டும் எல்லைப்புறப் பழங்குடிகள் விழமாட்டேங்கிறார்கள் என்று புகார் கிளம்பியிருந்தது. குண்டு துளைத்துக்கொண்டு போய்விடுகிறதாம். 1897இல் திரா பள்ளத்தாக்கின் அப்ரிதிகள்மீது டம்டம் பாய்ந்தது.

1899 ஹேக் மாநாட்டில் இதைத் தடைசெய்ய வேண்டுமென்ற பேச்சு வந்தபோது பிரிட்டனின் பிரதிநிதி ஜான் ஆர்டா எழுந்தார். நாகரிகச் சிப்பாய் குண்டடிபட்டால் ஆம்புலன்சுக்குப் போவான். காட்டுமிராண்டியோ இரண்டு மூன்று குண்டு பாய்ந்த பிறகும் முன்னேறி வருவான். 'நீ ஹேக் மாநாட்டு முடிவை மீறுகிறாய்' என்று அவனுக்கு விளக்குவதற்குள் உன் தலையை வெட்டிவிடுவான் என்றார். கிண்டல்தான். ஆனால் யாருடைய உடம்பைச் சிதைக்கலாம், யாருடையதைக் கூடாது என்கிற ஒரு முழுக் காலனியச் சொல்லாடலும் அந்தக் கிண்டலுக்குள் அடங்கியிருக்கிறது. எதிரிகளுக்குள் நாகரிகன், காட்டுமிராண்டி என்று பிரிக்க முடியாதென ரஷ்யப் பிரதிநிதி மறுத்தார். பிரிட்டனும் அமெரிக்காவும் மட்டுமே எதிர்த்து வாக்களித்தன. தடை நிறைவேறியது.

இதை மனிதநேயத்தின் வெற்றி என்று நம் பாடப்புத்தக மனம் கொண்டாடிவிடும். பிரகடனத்தின் கடைசிப் பத்திகளைப் படித்துப் பாருங்கள். கையெழுத்திட்ட நாடுகள் தமக்குள் நடத்தும் போரில் மட்டுமே அது கட்டுப்படுத்தும். அப்ரிதிகளைக் கையெழுத்துப் போட யார் கூப்பிட்டார்கள்? வாக்கெடுப்பில் தோற்ற ஆர்டா ஷரத்தில் ஜெயித்தார். பிரிட்டன் 1907இல் சாவகாசமாக வந்து சேர்ந்துகொண்டது.

1998 ரோம் ஒப்பந்தமும் முதலில் இந்தத் தோட்டாவை நாடுகளுக்கிடையிலான போரில்தான் குற்றமாக்கியது. உள்நாட்டுப் போர்களுக்கு அதை நீட்டிக்கும் திருத்தம் வர 2010 கம்பாலா மாநாடு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. போலீஸ் நடவடிக்கை அப்போதும் இதற்கு வெளியேதான். அதே 1998இல் நியூயார்க் போலீஸ் நுனியில் குழிவுள்ள விரியும் தோட்டாவுக்கு மாறியது. குண்டு துளைத்து வெளியேறிப் பக்கத்தில் நிற்பவர்மேல் படாது என்பது அவர்கள் வாதம். நெரிசலான தெருவில் இந்த வாதத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாதுதான். ஆனாலும் அந்நியச் சிப்பாயை எதனால் சுடக்கூடாதோ அதனால் சொந்தக் குடிமக்களைச் சுடலாம் என்றாகிறது.

ஆக, நடப்பது போரா, சட்டம் ஒழுங்கா என்று பெயர்வைப்பதில்தான் சூட்சுமமெல்லாம். பெயர்வைப்பதோ பெரும்பாலும் அரசு. இந்தியா ரோம் ஒப்பந்தத்தில் சேரவில்லை. உள்நாட்டு ஆயுத மோதல்களுக்கான 1977ஆம் ஆண்டின் இரண்டாவது கூடுதல் நெறிமுறையிலும் சேரவில்லை. வடகிழக்கில் ராணுவத்தை இறக்க 1958இல் கொண்டுவந்த சிறப்பு அதிகாரச் சட்டத்திலும் போர் என்ற பேச்சே கிடையாது. 'சிவில் அதிகாரத்துக்கு உதவி' என்றுதான் எழுதியிருக்கிறது.