நெகிரி செம்பிலான் தோட்ட வாசகசாலைகள்

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்து ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களுக்காக இயங்கிய சிறு படிப்பிடங்கள். படிப்பகம், மன்ற நூல்நிலையம் என்றும் வழங்கின. தனிக் கட்டடம் வாய்த்தவை அரிது. தமிழ்ப்பள்ளியின் ஒரு மூலையும் கோயில் மண்டபமும் இளைஞர் மன்றத்தின் அறையும், எதுவும் இல்லாத இடத்தில் லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகளின்) அஞ்சடியும், அதாவது முன் தாழ்வாரமும், வாசகசாலையாயின. சிரம்பான், ரந்தாவ், லாபு, போர்ட்டிக்சன், பகாவ், தம்பின் வட்டாரத் தோட்டங்களில் இவை பரவலாக இருந்தபோதும் முறையான பதிவேடு இவற்றுக்குக் கிடையாது. தோட்டம் யாருடைய நிலம் என்பதே இவற்றின் பிறப்பையும் மறைவையும் தீர்மானித்தது.

சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைத்த ரயில்பாதை 1891இல் திறக்கப்பட்டது. அவ்வட்டாரத்தில் காப்பித் தோட்டங்கள் இருந்த மண்ணில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் ஏறியது. கங்காணி முறையில் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து ஆட்கள் கொண்டுவரப்பட்டார்கள். 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்றது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். பல தோட்டங்களில் அந்தப் பள்ளி ஒரு கொட்டகைதான். தோட்ட எழுத்தரான கிராணியோ கங்காணியோ ஓய்ந்த நேரத்தில் எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். ஆனாலும் லயத்தில் தமிழ் எழுத்து தெரிந்த முதல் தலைமுறை அங்கேதான் உருவாயிற்று.

தோட்டத்துக்குள் நூலுக்கு முன்னே வந்தது செய்தித்தாள். கோலாலம்பூரில் 1924இல் தமிழ் நேசன் தொடங்கியது. சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி 1935இல் தமிழ் முரசை ஒரு காசு விலையில் கொண்டுவந்தார். ஆண் தொழிலாளியின் நாள்கூலி 50 காசு அளவில் இருந்த காலம் அது. ஒரு காசு கொடுக்க முடிந்தவர்களைக் காட்டிலும் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. ஆகவே ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டார்கள். பால்மரம் வெட்டி, ஸ்டோரில் பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தபின், மாலையில் அஞ்சடியில் குந்தியிருந்து கேட்ட அந்தக் கூட்டத்தைத்தான் தோட்டத்தின் முதல் வாசகசாலை என்று சொல்ல வேண்டும். பெரியார் 1929 இறுதியில் மலாயா வந்து சென்றதையொட்டி வலுத்த சீர்திருத்தப் பேச்சும், கள்ளுக்கடை எதிர்ப்பும் இந்த வாசிப்பின் வழியாகவே லயம் லயமாகப் போயின.

தோட்ட நிர்வாகிகளான துரைமார் இந்த வாசிப்பை விரும்பவில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் வெடித்த தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கியவர்களுள் ஒருவரான ஆர்.எச். நாதன், தமிழ் நேசன் ஆசிரியர் குழுவில் இருந்தவர். கூலி உயர்வோடு பேச்சுரிமையும் கூட்டம் கூடும் உரிமையும், பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பும், கள்ளுக்கடைகளை மூடுவதும் அங்கே கோரிக்கைகளாக எழுந்தன. நாதன் நாடு கடத்தப்பட்டார். செய்தித்தாள் வாசிக்கும் தொழிலாளி என்ன கேட்பான் என்பது அந்த ஆண்டில் இரு தரப்புக்கும் தெரிந்துபோயிற்று.

ஜப்பானியர் காலத்தில் சயாம் ரயில்பாதை வேலைக்கு ஆட்களை வாரிக்கொண்டு போனதில் தோட்டங்கள் வெறிச்சோடின. போர் முடிந்தபின் தொழிற்சங்கம் எழுந்தது. நெகிரி செம்பிலான் இந்தியத் தொழிலாளர் சங்கத்தில் பணியாற்றிய பி.பி. நாராயணன், 1954இல் உருவான தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கத்தின் பொதுச் செயலாளரானார். அச்சங்கத்தின் ‘சங்கமணி’ இதழ் தோட்டந்தோறும் சென்றது. கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்க அறிவிக்கப்பட்ட அவசரகாலத்தில் லயங்களைச் சுற்றி முள்கம்பியும் இரவில் ஊரடங்கும் இருந்ததால், கூடிப் படிக்கும் வழக்கம் பல இடங்களில் தடைப்பட்டது.

1950களின் நடுவிலிருந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வாசகசாலைகளின் செழிப்பான காலம். தமிழ் முரசு தொடங்கிய மாணவர் மணிமன்றத்தின் பிள்ளைகள் வளர்ந்து தோட்டங்களில் இளைஞர் மன்றங்களை நடத்தினார்கள். சந்தா சில காசு. கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அலமாரி, பூட்டின் சாவி பெரும்பாலும் வாத்தியாரிடம். இரவல் நோட்டில் பெயர், நூல், தேதி என மூன்று கட்டம். கையெழுத்துப் போடத் தெரியாதவருக்குப் பிள்ளை போட்டுக் கொடுத்தது. மு. வரதராசன், கல்கி, அகிலன் நாவல்களும் பாரதிதாசன் கவிதைகளும் அட்டை தேய்ந்து, கோந்துத் தாள் ஒட்டப்பட்டு, லயம் சுற்றி வந்தன. சமையலும் பிள்ளைப் பராமரிப்பும் ஓயாத பெண்கள் வாசகசாலைக்கு வருவது அரிது. மகனோ மகளோ எடுத்துவந்த நூல் அடுப்படியில் சத்தம் போட்டு வாசிக்கப்பட்டது. இரவல் நோட்டில் இடம்பெறாத அந்த வாசகிகளையும் சேர்த்துத்தான் இவற்றின் பயனை அளக்க வேண்டும்.

இதே காலத்தில் அரசின் பொது நூலகங்களும் வளர்ந்தன. மலேசியப் பொது நூலக வளர்ச்சிக்கான திட்ட வரைவை நூலகர் ஹெட்விக் அனுவார் 1968இல் தந்தார். தேசிய நூலகச் சட்டம் 1972இல் நிறைவேறியது. மாநிலப் பொது நூலகக் கழகம் சிரம்பானைத் தலைமையிடமாகக் கொண்டு மாவட்டங்களுக்குக் கிளைகளையும் கிராம நூலகங்களையும் கொண்டுசென்றது. தோட்டங்களுக்கு அவை வரவில்லை. காரணம் எளிது, கொடியதும்கூட: தோட்டம் தனியார் நிலம், ஊரக மேம்பாட்டுக்கான அரசுப் பணம் தனியார் நிலத்தில் செலவாகாது. பல தோட்டப் பள்ளிகள் முழு உதவி பெறாமல் பகுதி உதவிப் பள்ளிகளாகவே நின்றதற்கும் இதுவே காரணம். நாட்டின் ஏற்றுமதி வருவாயைச் சுமந்த மக்கள், நாட்டின் கிராமம் என்ற கணக்கில் வராமல் போனார்கள். இந்த நியாயமின்மையை வெறும் நிர்வாகத் தவறு என்று கடந்துபோக முடியாது.

தமிழ்வழிக் கல்வி ஆறாம் வகுப்போடு முடிந்ததும் இதனோடு சேர்ந்துகொண்டது. இடைநிலைப் பள்ளிக்குப் போன பிள்ளை மலாய் நூல்களுக்கு நடுவே வளர்ந்தது. அதற்குமேல் தமிழ் வாசிப்பைக் காப்பாற்ற மன்றத்து அலமாரியும் நாளிதழுமே இருந்தன.

பெருந்தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டதும், ரப்பர் அழிந்து செம்பனை வந்ததும் லயங்களைக் கலைத்தன. அதன்பின் நிலம் வீட்டுமனையாயிற்று. சிரம்பான் 2, பண்டார் ஸ்ரீ செண்டாயான் போன்ற நகரியங்கள் நிற்பது முன்னாள் தோட்ட மண்ணில். நாடு முழுவதும் 1957இல் 888ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 530ஐ ஒட்டி நிற்கின்றன. பள்ளிக்கு உரிமம் உண்டு, ஆகவே தோட்டத்தின் பெயரையும் தூக்கிக்கொண்டு இடம் மாறிப் பிழைக்க முடிந்தது. வாசகசாலைக்கு எந்தப் பத்திரமும் இல்லை. குடும்பங்கள் தாமான்களுக்கு (நகரக் குடியிருப்புகளுக்கு) சிதறியபோது அலமாரி யாருடையது என்று கேட்க ஆளில்லை. அவற்றில் இருந்த மலாயா, சிங்கப்பூர் பதிப்புகளில் எவை அச்சாயின என்று தேடுவோருக்கு, ராம சுப்பையா தொகுத்து மலாயாப் பல்கலைக்கழக நூலகம் 1969இல் வெளியிட்ட ‘தமிழ் மலேசியானா’ நூற்பட்டியல் இன்றும் உதவுகிறது. நாளிதழும் நிலைக்கவில்லை: தமிழ் நேசன் 2019 ஜனவரியுடன் நின்றது.

வாசகசாலை செய்த வேலையில் ஒரு பங்கை இன்று தமிழ்ப்பள்ளிகளின் வள மையங்களும், 1982இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் போன்ற கல்வி அமைப்புகளும் செய்கின்றன. இரண்டும் மாணவர்களுக்கானவை. தோட்டத்தை விட்டுவந்து தொழிற்சாலையிலும் பாதுகாவல் வேலையிலும் இருக்கும் பெரியவர் தமிழ் நூல் வேண்டுமென்றால் நகரத்துப் பொது நூலகத்துக்குத்தான் போக வேண்டும்.