திராட்சரசம் என்னும் சொல்

1937 அக்டோபர் 1 அன்று இராஜாஜி அரசு மதுவிலக்கை முதன்முதலாகச் சேலம் மாவட்டத்தில் நடைமுறைப்படுத்தியது. 1965இல் தனி மாவட்டமான தருமபுரியும் அன்று அதனுள் அடங்கியிருந்தது. மதுவைத் தீமையென அரசே விலக்கிய மண்ணில், கானாவூர் மணவீட்டில் இயேசு தண்ணீரை எதுவாக மாற்றினார் என்பது வெறும் இறையியல் வினாவன்று.

கானாவூர்ப் பகுதியிலும், வெறிகொள்ளலாகாதென எபேசியர் நிருபம் விலக்குமிடத்திலும் கிரேக்க மூலச்சொல் ஒன்றே: ஓய்னோஸ். 1871ஆம் ஆண்டுப் பவர் மொழிபெயர்ப்பின் வழிவந்து, சீர்திருத்தச் சபையார் இன்றும் வாசிக்கும் தமிழ்ப் பாடமோ முன்னதைத் 'திராட்சரசம்' என்றும் பின்னதை 'மதுபானம்' என்றும் பிரித்துரைக்கிறது. ரசம் என்றதும் தமிழ்ச் செவிக்குப் பழச்சாறே தோன்றும். ஆயின் அதே பாடத்தில் நோவா குடித்து வெறிகொண்டதும் திராட்சரசமே!

சபை வழக்கங்களும் வேறுபட்டன. கத்தோலிக்கத் திருப்பலிக்குத் திராட்சை மதுவே உரியது. அமெரிக்க மெதடிஸ்டான தாமஸ் வெல்ச் 1869இல் சாற்றைச் சூடாக்கிப் புளிக்காமல் காத்தார். சீர்திருத்தச் சபைகள் பல அவ்வழி சென்றன.

தீமோத்தேயு நிருபம் வயிற்றின் பொருட்டுச் சிறிது அருந்தச் சொல்கிறது. விவிலியம் கடிவது வெறியை. சட்டம் விலக்கியது குடத்தையே. மதுவிலக்கை வேண்டுவோர்க்குக் குடியால் சிதைந்த குடும்பங்களே போதிய சான்று. அதற்காக ஒரு சொல்லின் பொருளைத் திரிக்க வேண்டியதில்லை.