கோழிக்குக் காவல் இருந்தவர்கள்

புறக்கடையில் திரிந்து மேயும் நாட்டுக்கோழியை வெருகு என்னும் காட்டுப்பூனையும் கீரியும் பருந்தும் தூக்கிப் போகாமல் தமிழ்நாட்டு வீடுகள் எப்படிக் காத்தன என்று கேட்டால் கூடு, பஞ்சாரம், முள்வேலி என்று பொருள்களைத்தான் முதலில் சொல்வோம். ஆனால் காவலில் பெரும்பங்கு பொருளுடையதல்ல, ஆளுடையது என்பதே என் முடிவு. முற்றத்திலும் கொல்லையிலும் வேறு வேலையாக இருந்த பெண்களின் கண்ணும் காதும்தான் கோழியைக் காத்தன. தனி வேலையாக யாரும் இதைச் செய்யாததால் எந்தக் கணக்கிலும் அது ஏறவில்லை.

இதற்கு மிகப் பழைய சான்று சங்கப் பாடல்கள். ஒக்கூர் மாசாத்தியாரின் குறுந்தொகை 139ஆம் பாடலில், மாலை மங்கும் வேளை வேலியோரம் வெருகுகள் வந்துவிடுகின்றன. புகுமிடம் தெரியாமல் திரண்டு நிற்கும் குஞ்சுகளைப் பேடை கூவி அழைக்கிறது. அதே தொகையின் 107ஆம் பாடலில், தன் உறக்கத்தைக் கலைத்த சேவலை நள்ளிருளில் வீட்டு எலியைப் பார்த்திருக்கும் வெருகுக்கு இரையாகிப் போகும்படி தலைவி சபிக்கிறாள். இரண்டையும் விட முக்கியமானது தங்கால் பொற்கொல்லனார் பாடிய புறநானூறு 326. ஊரின் பழைய வேலிப்பக்கம் பதுங்கி வரும் வெருகுக்கு அஞ்சி இளம்பேடை உயிர் நடுங்கக் கத்துகிறது. பஞ்சிலுள்ள தூசியையும் செத்தையையும் புடைத்தெடுக்க இரவில் எழுந்த பருத்திப் பெண்ணின் சிறு விளக்கு வெளிச்சத்தில் சேவலின் செங்கொண்டை தெரிந்த பிறகுதான் அது அடங்குகிறது. அந்தப் பெண் கோழிக்காக எழவில்லை, தன் பிழைப்புக்காக எழுந்தாள். இருந்தும் அவள் விளக்குதான் அங்கே காவல். பட்டினப்பாலையில் காயும் தானியத்தைக் கொத்த வந்த கோழியின் மேல் ஒரு பெண் காதணியைக் கழற்றி எறிகிறாள். செல்வத்தைக் காட்டச் சொன்ன செய்திதான் அது. ஆனாலும் தானியம் காயும் பகல் முழுக்க முற்றத்தில் ஆள் இருந்ததையும் சேர்த்தே சொல்கிறது. ஆள் உட்கார்ந்திருக்கும் முற்றத்தில் பருந்து எளிதில் இறங்காது.

இவையெல்லாம் உவமையும் சாபமும்தானே, வரலாற்றுச் சான்றாகுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நடந்த ஒரு நிகழ்ச்சியின் பதிவாக இவற்றைக் கொள்ள முடியாது. ஆனால் கேட்பவருக்குப் பழக்கமில்லாததை உவமையாகச் சொன்னால் அது எடுபடாது. அந்தியிலும் நடுச்சாமத்திலும் வெருகு வரும் என்பது கேட்ட எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் பேடையின் கூவல் உவமையாயிற்று, சேவலுக்கு விட்ட சாபமும் சாபமாக உறைத்தது.

நாட்டுக்கோழி தன்னைத் தானே காத்துக்கொள்ளும் இனம், மனிதக் காவலுக்கு இவ்வளவு பெருமை தர வேண்டியதில்லை என்றும் சொல்வார்கள். மரத்தில் ஏறி அடையும், நிழல் தரையில் ஓடினாலே குரல் கொடுக்கும், குஞ்சுகளைச் சிறகுக்குள் இழுத்துக்கொள்ளும் என்பதெல்லாம் உண்மை. ஆனால் மாசாத்தியாரின் பேடையும் இதைத்தான் செய்தது; குரல் இருந்தது, குஞ்சுகளுக்குப் புகுமிடம் தெரியவில்லை. புகுமிடத்தைத் தந்தது பஞ்சாரம். மூங்கிலைப் பிளந்து இடைவெளி விட்டு முடைந்து, வாய் தரையில் படக் கவிழ்த்து, நாய் புரட்டாதபடி தலையில் ஒரு கல்லை ஏற்றிய கூடை அது. காற்றும் வெயிலும் உள்ளே போகும். கண்ணி அகலமாக இருந்தால் தாய் உள்ளே இருக்கக் குஞ்சு மட்டும் வெளியே வந்து கொத்தும், தாய் குரல் கொடுத்ததும் உள்ளே ஓடும். அதிலும் பஞ்சாரத்தை எங்கே கவிழ்த்தார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். அடுப்படி வாசலருகே, பாத்திரம் துலக்கும் இடத்தருகே, உலக்கைச் சத்தம் கேட்கும் தூரத்தில். கொல்லைக் கோடியில் ஆளற்ற இடத்தில் கவிழ்த்தால், கீரி மண்ணைப் பறித்து உள்ளே நுழைவதைக் காண ஒருவரும் இல்லை.

ஆகவே 20ஆம் நூற்றாண்டில் காவல் தளர்ந்ததற்கு மூங்கில் கூடை அருகியதை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. நெல் குத்தும் வேலை அரிசி ஆலைக்குப் போயிற்று. தானியம் உலர்த்துவது வீட்டு முற்றத்தை விட்டுக் களத்துக்கும் சாலைக்கும் நகர்ந்தது. பெண்கள் கூலிக்கும் ஆலைக்கும் போகத் தொடங்கினார்கள். அவர்கள் வீட்டிலேயே இருந்திருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. கைக்குக் கூலி வருகிற வேலை அவர்களுக்கு உரிமை. அவர்கள் கூலியில்லாமல் செய்துவந்த காவலின் மதிப்பு, அது நின்றபோதுதான் தெரிந்தது என்கிறேன். பொறி, நஞ்சு என்ற குறுக்கு வழிகளுக்கும் இடமில்லை. காட்டுப்பூனையும் கீரியும் நரியும் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. எலியைத் தின்று வயலுக்கும் உதவுபவை.

புறக்கடைக் கோழி வளர்ப்புத் திட்டங்கள் இந்த இழப்பை ஓரளவு ஈடுசெய்கின்றன. முட்டையிலிருந்து வெளிவந்ததும் குஞ்சைக் கொடுக்காமல், சுமார் 4 வாரம் பண்ணையில் வளர்த்த பிறகு பயனாளியிடம் தருகின்றன. பழைய வீட்டில் பஞ்சாரமும் அதனருகே இருந்த பெண்ணும் பார்த்துக்கொண்ட நாட்கள் அவை. இரவுக்கு ஒரு கூண்டும் இருந்தால் வெருகுக்குப் பதில் கிடைத்துவிடுகிறது. ஆனால் பருந்து பட்டப்பகலில், கூண்டு திறந்து கோழி மேயப் போன பிறகு வருகிறது. அந்த நேரத்தில் வீடு பூட்டியிருக்கிறது.