மீஞ்சூர் வட்டாரம்: வேளாண்மையும் நிலத்தடி நீரும்

மீஞ்சூர், திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில் உள்ள ஒரு பேரூராட்சி ஆகும். சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவில், எண்ணூர், அத்திப்பட்டு, நந்தியம்பாக்கம் ஆகிய ஊர்களைக் கடந்து கும்மிடிப்பூண்டி செல்லும் புறநகர் ரயில் பாதையில் அமைந்துள்ளது. ஏரிகளும் நெல் வயல்களும் சூழ்ந்த சிற்றூராக இருந்த இவ்விடம், 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் நிலத்தடி நீர் பற்றிய ஆய்வுகளில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் பெயராயிற்று. ஊரின் அடியில் இருந்த நன்னீரைத் தேடி நகரமும் தொழிற்சாலைகளும் வந்தன. நீர் எடுக்கப்பட்ட வேகத்தில் கடல் நீர் மண்ணுக்கடியில் நுழைந்தது. வடசென்னைத் தொழில் வளையத்தின் ஓரத்தில் வேளாண்மை சுருங்கியதற்கு ஆலைகள் நிலத்தை எடுத்துக்கொண்டதே காரணம் எனப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. மீஞ்சூரில் நிலத்துக்கு முன்பே நீர் போய்விட்டது.

அமைவிடம்

மீஞ்சூருக்குத் தெற்கே கொசத்தலையாறு ஓடி எண்ணூர் கழிமுகத்தில் கடலை அடைகிறது. வடக்கே ஆரணியாறு பழவேற்காடு ஏரியை நோக்கிச் செல்கிறது. கிழக்கே அத்திப்பட்டு, வல்லூர் ஆகிய ஊர்களும், அவற்றை அடுத்துப் பக்கிங்காம் கால்வாயும், அதற்கப்பால் காட்டுப்பள்ளி மணல் திட்டும் உள்ளன. ஊருக்கும் வங்காள விரிகுடாவுக்கும் இடையிலான தொலைவு 10 கி.மீ.-க்கும் குறைவு. நிலம் தட்டையானது, கடல் மட்டத்தைவிடச் சில மீட்டர் உயரமே உடையது.

பக்கிங்காம் கால்வாயின் மிகப் பழைய பகுதி இந்த வட்டாரத்தை ஒட்டியது. 1806-இல் பேசில் காக்ரேன் என்பவர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டிய உவர்நீர்க் கால்வாயே பின்னர் இரு திசைகளிலும் நீட்டிக்கப்பட்டது. 1876–78 பஞ்சத்தின்போது ஆளுநராக இருந்த பக்கிங்காம் கோமகனின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. விறகும் உப்பும் தானியமும் இதன் வழியே படகுகளில் நகரத்துக்குச் சென்றன.

மண்ணுக்கடியில் ஒரு பழைய ஆறு

கொசத்தலையாற்றுக்கு விருத்த க்ஷீர நதி, அதாவது பழைய பாலாறு, என்றொரு பெயர் உண்டு. இன்று காஞ்சிபுரம், செங்கல்பட்டு வழியாகத் தென்கிழக்கே ஓடும் பாலாறு முற்காலத்தில் வடகிழக்கே திரும்பி இந்தப் படுகை வழியாகக் கடலை அடைந்தது என்பது நிலவியலாளர் கருத்து. 19ஆம் நூற்றாண்டிலேயே இராபர்ட் புரூஸ் ஃபூட் இதைக் குறிப்பிட்டார். இதே கொசத்தலையாற்றுப் படுகையின் மேற்பகுதியில் உள்ள அத்திரம்பாக்கத்தில் 1863-இல் கற்காலக் கருவிகளைக் கண்டறிந்தவரும் அவரே.

பேராறு ஒன்று விட்டுச்சென்ற மணலும் கூழாங்கல்லும் ஆரணியாற்றுக்கும் கொசத்தலையாற்றுக்கும் இடையே ஆழமாகப் படிந்துள்ளன. அப்படிவு இரு அடுக்குகளாக உள்ளது. மேலடுக்கு மழை நீரை நேரடியாகப் பெறுகிறது. அதன் கீழே மெல்லிய களிமண் படலம். அதற்குக் கீழே இன்னொரு மணல் அடுக்கு. தமிழகத்தின் பெரும்பகுதியில் கடினப் பாறையின் விரிசல்களில்தான் நீர் கிடைக்கும். அதனோடு ஒப்பிட்டால் இது ஒரு புதையல் எனலாம். ஆனால் இந்த மணல் அடுக்குகள் கடற்கரையோடு முடிந்துவிடுவதில்லை. அவை கடலுக்கடியிலும் தொடர்கின்றன. பின்னர் நேர்ந்ததற்கெல்லாம் இதுவே அடிப்படை.

மூன்று போகம்

தொண்டை மண்டலத்தின் பிற ஊர்களைப் போலவே இங்கும் வேளாண்மை ஏரியைச் சார்ந்தே வளர்ந்தது. மீஞ்சூரில் சிவனுக்கு ஏகாம்பரநாதர் கோயிலும் திருமாலுக்கு வரதராசப் பெருமாள் கோயிலும் இருப்பதால் ஊரை வடகாஞ்சி என்றும் அழைப்பர். காஞ்சியின் இரு பெருங்கோயில்களின் பெயர்களை ஒரு சிற்றூர் தாங்கி நிற்பதற்கு, கோயில்களைப் பேணும் அளவுக்கு விளைச்சல் இருந்திருக்க வேண்டும்.

1763-இல் ஆர்க்காட்டு நவாப் செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக அளித்தார். அதன்பின் 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் அங்குள்ள இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். நிலம், ஏரி, தோப்பு, வீடு, கோயிலுக்கும் ஊழியர்க்கும் விடப்பட்ட மானியம் என அக்கணக்கு விரிகிறது. அதன் ஓலைச்சுவடி வடிவமும் தமிழில் உள்ளது. பொன்னேரிப் பகுதி ஊர்களும் அதில் அடங்கும். 1780-இல் ஐதர் அலியின் படையெடுப்பில் இச்சீமை பெரும் அழிவைக் கண்டது.

இப்பகுதி உழவர்கள் ஆண்டை மூன்று நெற்பட்டங்களாகப் பிரித்தனர்: சித்திரையை ஒட்டி விதைக்கும் சொர்ணவாரி, ஆடி, ஆவணியில் தொடங்கும் சம்பா, மார்கழி, தையில் தொடங்கும் நவரை. வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் ஏரிகளை நிரப்பும். சம்பாவுக்கு அது போதும். கோடையைத் தொடும் மற்ற இரண்டு பட்டங்களுக்கும் கிணறு வேண்டும். ஏற்றமும் கவலையும் இறைத்த காலத்தில் கிணற்று நீர்மட்டம் மாடுகளும் ஆட்களும் எட்டக்கூடிய ஆழத்திலேயே இருந்தது. கொசத்தலையாறு கழிமுகத்தை நெருங்கும் இடத்தில் உள்ள வல்லூர் அணைக்கட்டிலிருந்தும் வாய்க்கால்கள் வயல்களுக்குப் பிரிந்தன.

ஆறு நகரத்துக்குத் திரும்பியது

மீஞ்சூரின் நீர்ச் சிக்கலைப் பலரும் 1969-இலிருந்து தொடங்குவர். அதற்கு நூறாண்டுகள் முன்பே தொடங்குவதுதான் பொருத்தம். 1868-இல் கொசத்தலையாற்றின் குறுக்கே தாமரைப்பாக்கத்தில் அணைக்கட்டு எழுப்பப்பட்டது. ஆற்று நீர் சோழவரம் ஏரிக்கும், அங்கிருந்து புழல் ஏரிக்கும் திருப்பப்பட்டது. 1872 முதல் அந்நீர் சென்னை நகரின் குடிநீர் ஆயிற்று. 1944-இல் ஆற்றின் மேற்பகுதியில் பூண்டி நீர்த்தேக்கம் கட்டி முடிக்கப்பட்டது. நகர மேயராக இருந்து அத்திட்டத்துக்கு முன்னின்ற சத்தியமூர்த்தியின் பெயரை அது பின்னர் பெற்றது.

நகரத்தின் தாகத்தைத் தீர்த்த பணிகள் இவை, குறை சொல்வதற்கில்லை. ஆனால் பூண்டிக்குக் கீழே ஆறு பெருமழைக் காலத்தில் மட்டும் ஓடும் மணல் வழியாக மாறியது. ஆறு ஓடும் நாட்கள் குறைந்தால் அடியிலுள்ள மணல் அடுக்குக்குச் சேரும் நீரும் குறையும். ஆற்றுமணல் பிற்காலத்தில் அள்ளப்பட்டது அந்தக் குறையை மேலும் பெரிதாக்கியது.

ஆலைகளின் கிணறுகள்

1960-களின் நடுவில் திருவொற்றியூருக்கு மேற்கே, அதுவரை வேளாண்மை ஊராக இருந்த மணலி, தொழிற்பகுதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1965-இல் நிறுவப்பட்ட மெட்ராஸ் ரிஃபைனரீஸ் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1969-இல் இயங்கத் தொடங்கியது. மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் உர ஆலை 1971-இல் உற்பத்தியைத் தொடங்கியது. இத்தகைய ஆலைகளுக்குக் குளிர்விப்பதற்கும் நீராவிக்கும் ஓயாமல் நன்னீர் வேண்டும்.

ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் 1960-களின் பிற்பகுதியில் ஆரணியாறு–கொசத்தலையாறு படுகை ஆராயப்பட்டது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய மூன்று இடங்களில் ஆழ்துளைக் கிணறுகளைத் தொகுதி தொகுதியாக அமைக்கலாம் என முடிவாயிற்று. 1969 முதல் அமைந்த இம்மூன்று தொகுதிகளின் நீரளவு நாளொன்றுக்கு 12.5 கோடி லிட்டர். 1987-இல் பூண்டி, கன்னிகைப்பேர், வெள்ளச் சமவெளி ஆகிய மூன்று தொகுதிகள் சேர்ந்தபோது மேலும் 5.5 கோடி லிட்டர் கூடியது. மீஞ்சூர்த் தொகுதியின் நீர் முதன்மையாக மணலி ஆலைகளுக்குக் குழாய் வழியே சென்றது. மூன்று தொகுதிகளில் கடலுக்கு மிக அருகில் இருந்ததும் மீஞ்சூரே என்பது கவனிக்கத்தக்கது.

அதே காலத்தில் உழவர்களும் மாறினர். குறுகிய கால நெல் இரகங்கள் வந்தன. கவலை போய் மின்மோட்டார் வந்தது. சிறு விவசாயிகளுக்கு 1984-இலும், சில ஆண்டுகளில் அனைவருக்கும் பாசன மின்சாரம் இலவசமாயிற்று. படுகை முழுவதையும் கணக்கிட்டால் நிலத்தடி நீரில் பெரும்பங்கை எடுத்தது பாசனமே. ஆகவே பழியை ஆலைகள் மேல் மட்டும் போட இயலாது. எனினும் இரு பயன்பாடுகளுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. வயலில் பாய்ச்சிய நீரில் ஒரு பகுதி மீண்டும் மண்ணுக்குள் இறங்கும். மணலிக்குச் சென்ற நீர் திரும்பி வரவில்லை.

கடல் உள்ளே வந்த விதம்

கடலோர மணல் அடுக்கில் நன்னீரும் உவர்நீரும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கின்றன. கடல் நீர் சற்றே கனமானது. அதனால் அது ஆப்பு வடிவில் நன்னீருக்கு அடியில் நுழைகிறது. நெதர்லாந்தைச் சேர்ந்த கைபன், ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்ஸ்பெர்க் ஆகிய இருவர் தனித்தனியே கண்டறிந்த கணக்கு இதை விளக்குகிறது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 மீட்டர் உயரம் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை உவர்நீரை அது தள்ளி வைக்கும். நீர்மட்டம் அரை மீட்டர் இறங்கினால் 20 மீட்டர் நன்னீர் போய்விடும். நீர்மட்டம் கடல் மட்டத்துக்கும் கீழே போனால் நீரோட்டத்தின் திசையே மாறி, கடல் நிலத்தை நோக்கி வரும்.

மீஞ்சூரில் இதுவே நேர்ந்தது. 1969-இல் கடற்கரையிலிருந்து 3 கி.மீ. வரை இருந்த உவர்நீர் எல்லை 1983-இல் 7 கி.மீ.-ஐ எட்டியது. பின்னர் அது மேலும் உள்ளே நகர்ந்தது. வெள்ளம், புயல் போன்றவை கண்ணுக்குத் தெரியும். இந்தக் கடற்கோள் கிணற்று நீரின் சுவையில் மட்டுமே தெரிந்தது.

நெல் நாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் உப்பைத் தாங்காது. இலை நுனி காய்ந்து பயிர் குன்றும், பூத்தாலும் மணி பிடிக்காது. மழையாலும் ஏரியாலும் விளையும் சம்பா ஓரளவு தப்பும். கிணற்றையே நம்பிய நவரைக்கும் சொர்ணவாரிக்கும் வழியில்லை. முப்போக நிலம் ஒருபோக நிலமாகும்போது உரிமையாளருக்கு வருமானம் குறையும். நடவுக்கும் களையெடுப்புக்கும் செல்லும் கூலியாளுக்கோ ஆண்டில் பாதிக்கு மேல் வேலையே இராது.

நீரே விளைபொருளாக

நிலைமை முற்றியபின் 1987-இல் சென்னைப் பெருநகர்ப் பகுதி நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. கிணறு தோண்டுவதற்கும் நீரை வெளியே கொண்டு செல்வதற்கும் அனுமதி தேவையாயிற்று. ஆனால் நகரம் வறண்டபோதெல்லாம் அதே கிணறுகளை நோக்கியே குடிநீர் வாரியம் திரும்பியது. 2000-களின் தொடக்கத்தில் புழல் ஏரி வறண்ட ஆண்டுகளில், படுகையின் உழவர்களிடமிருந்து மோட்டார் ஓடும் நேரத்தைக் கணக்கிட்டு வாரியம் நீர் வாங்கியது. சில உழவர்களுக்கு நெல்லைவிட அது உறுதியான வருமானம். ஆனால் ஆழமான கிணறு உடையவர் விற்கும்போது அடுத்த வயலின் ஆழமற்ற கிணறு வற்றும். பயிரிடப்படாத வயலில் கூலி வேலையும் இல்லை. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோதும் விவசாயக் கிணறுகளிலிருந்து நீர் வாங்கப்பட்டது.

ஆலைகள் வேறு வழி தேடியதும் உண்மை. 1990-களின் தொடக்கத்தில் மணலியின் பெரிய ஆலைகள் நகரக் கழிவுநீரை வாங்கிச் சுத்திகரித்துப் பயன்படுத்தத் தொடங்கின. 2019-இல் கொடுங்கையூரில் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை ஆலைகளுக்கு ஏற்ற நீராக மாற்றும் நிலையம் திறக்கப்பட்டது. இது நடக்கக்கூடியதே என்றால் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே பெரிய அளவில் ஏன் செய்யப்படவில்லை என்ற கேள்வி எழுவது இயல்பு.

2010-இல் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறன் கொண்ட அது மீஞ்சூர் நிலையம் என்றே அழைக்கப்படுகிறது. அதன் நீர் வடசென்னைக்குச் செல்கிறது.

இன்றைய நிலை

1990-களில் அத்திப்பட்டில் வடசென்னை அனல் மின் நிலையமும், 2001-இல் எண்ணூர் துறைமுகமும், பின்னர் வல்லூர் அனல் மின் நிலையமும் காட்டுப்பள்ளித் துறைமுகமும் இயங்கத் தொடங்கின. திருவொற்றியூர்–பொன்னேரி–பஞ்செட்டி சாலையில் கன்டெய்னர் லாரிகள் பெருகின. வண்டலூரிலிருந்து வரும் 62 கி.மீ. வெளிவட்டச் சாலை மீஞ்சூரில் முடிகிறது. தரிசாகக் கிடந்த வயல்கள் வீட்டுமனைகளாகவும் சரக்குக் கிடங்குகளாகவும் மாறி வருகின்றன.

மேற்கே கொசத்தலையாற்றை ஒட்டிய ஊர்களில் நெல் சாகுபடி தொடர்கிறது. ஆறுகளின் குறுக்கே கட்டப்பட்ட தடுப்பணைகளுக்கு அருகில் நீரின் உவர்ப்புக் குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. கடலோரம் நெருங்க நெருங்க அந்தப் பயன் குறைகிறது. உள்ளே வர 14 ஆண்டுகள் எடுத்துக்கொண்ட உவர்நீரை வெளியே தள்ள அதைவிட நீண்ட காலமும், ஒவ்வொரு பருவமழையின் நீரும் தேவைப்படும். அந்தப் பருவமழை நீரின் முதல் பங்கு இன்றும் பூண்டியிலும் புழலிலும் சேர்ந்து நகரத்துக்கே செல்கிறது.