கண்ணாடித் தகடும் முடிவுறாத வண்ணக் கண்ணாடிப் பலகமும்: கொண்டுசெல்லும் முறை

கண்ணாடித் தகட்டை எப்போதும் நிமிர்த்தியே ஏற்ற வேண்டும். படுக்கவைத்தால் தன் எடையிலேயே நடுவில் தொய்யும். வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கினாலே விரிசல் விடும். 3 மி.மீ. தடிமனில் ஒரு சதுர மீட்டர் ஏறத்தாழ 7.5 கிலோ. கடை வண்டிகளில் காணும் ‘ஏ’ வடிவச் சட்டம் தகட்டை நிமிர்த்தி ஏற்றத்தான். அதில் தகடுகள் சற்றே சாய்ந்து, அடிவிளிம்பு ரப்பரில் பதிய, இடையிடையே காகிதத்தோடு பட்டையால் இறுக்கப்படும். காகிதம் வீண்செலவல்ல, நடுவே சிக்கும் மணல் துகளே கீறிவிடும்.

ஈயச் சட்டங்களில் கோத்து, இன்னும் பற்றவைக்காத பலகத்துக்கு விதி தலைகீழ். நிமிர்த்தினால் துண்டுகள் உருவி விழும். சுற்றி அடித்த ஆணிகளையும் ரீப்பர்களையும் கழற்றாமல், வேலைப்பலகையோடு படுக்கையாகவே தூக்க வேண்டும். ஒருபுறம் மட்டும் பற்றவைத்ததுதான் ஆளை ஏமாற்றும்: பார்க்க உறுதி, ஓரத்தைப் பிடித்துத் தூக்கினால் ஈயம் வளைந்து கண்ணாடி தெறிக்கும். இருபுறமும் பற்றவைத்து, புட்டி அடைத்து இறுகிய பின்னரே அதை நிமிர்த்தி அனுப்பலாம்.

முடிவுற்ற பலகங்கள் அப்படிப் பயணித்ததற்கு ஒரு சான்று: பிரான்சின் சார்த்ர் பேராலயத்து இடைக்கால வண்ணச் சன்னல்கள், போர் அச்சத்தால் 1939இல் கழற்றப்பட்டுப் பெட்டிகளில் அப்புறப்படுத்தப்பட்டன.